ஆயில் மூடியில் வெள்ளைக் களிம்பு: ஹெட்டை இறக்கத்தான் வேண்டுமா?

கோத்தகிரிக்காரன்:
2011 மாடல், மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார். ஞாயிறன்று மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்தேன். ஊரை நெருங்கும்போது சூட்டு முள் சிவப்பைத் தொட்டது, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் டப்பாவிலிருந்து கொதித்து வழிந்தது. உடனே நிறுத்திவிட்டேன். மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்தார். அடியில் வெண்ணெய் மாதிரி களிம்பு. "ஹெட் கேஸ்கட் போச்சு, ஹெட்டை இறக்கணும்" என்கிறார். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில், தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் தகடுதான் அந்தக் கேஸ்கட்டாம். நம்பலாமா?

பழைய ஸ்பேனர்:
தம்பி, சூடும் களிம்பும் ஒன்றாக வந்தால் நான் யோசிக்கவே மாட்டேன். இப்படியே ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். அப்புறம் லேத் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்த வேண்டும். விரிசல் விட்டால் புது ஹெட்தான். தள்ளிப்போடாதீர்கள்.

நீலச்சாயம்:
அண்ணா, வண்டியை ஓட்டக்கூடாது என்பது சரி. ஆனால் களிம்பை மட்டும் பார்த்து ஹெட்டை இறக்கலாமா? தம்பி, ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியில், அதாவது டிப்ஸ்டிக்கிலும் அந்தக் களிம்பு இருக்கிறதா? தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்?

கோத்தகிரிக்காரன்:
டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருக்கிறது. கடைக்கும் வீட்டுக்கும் மூன்று கிலோமீட்டர், அவ்வளவுதான்.

நீலச்சாயம்:
அதுதான் விஷயம். பனி ஊரில் மூன்று கிலோமீட்டர் ஓடினால் எஞ்சினுக்குள் படிகிற ஈரம் ஆவியாகிப் போகாது, குளிர்ந்த மூடியில் களிம்பாகப் படியும். இன்னொன்று, 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கொதிநிலை ஏறுகிறது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் மேலே வரும்போதுதான் பொங்கும். முதலில் மூடியைச் சோதியுங்கள். பிறகு ரேடியேட்டர் வாயில் நீலத் திரவக் குழாயை வைத்து எஞ்சினை ஓட விடுங்கள். சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிந்தால் நீலம் மஞ்சளாகும்.

பழைய ஸ்பேனர்:
சாயம் நீலமாகவே இருந்தால் கேஸ்கட் நல்லது என்று ஆகிவிடாது. தண்ணீர் வழிக்கும் ஆயில் வழிக்கும் நடுவில் உடைந்தால் சிலிண்டர் வாயு ரேடியேட்டருக்கு வரவே வராது. சில கேஸ்கட் ஏற்றத்தில், பாரம் இழுக்கும்போது மட்டும் விடும்.

நீலச்சாயம்:
முதலாவது நடந்தால் ஆயில் மொத்தமும் மோர் மாதிரி ஆகியிருக்கும், டிப்ஸ்டிக் காட்டிக்கொடுக்கும். இரண்டாவதை ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் கம்ப்ரஷனும், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தமும் பார்க்கச் சொல்வேன். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். காலையில் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும் சந்தேகப்படுங்கள். தண்ணீர் சூடாகும் முன்பே அழுத்தம் வருகிறது என்றால் அது சிலிண்டரிலிருந்து வருவதுதான்.

கோத்தகிரிக்காரன்:
வண்டியை வேறு இடத்துக்கு இழுத்துப்போய்ப் பார்த்தேன். திரவம் நீலமாகவே இருந்தது. கம்ப்ரஷன் மூன்று சிலிண்டரிலும் 170, 165, 170 psi. காலையில் ஹோஸ் மெத்தென்றுதான் இருந்தது. ரேடியேட்டர் மூடி 0.9 பார் அழுத்தத்துக்கானது, 0.3-லேயே விட்டுவிட்டது. புது மூடி, புதுக் கூலன்ட் மாற்றி நேற்று அதே மலையேறினேன். முள் பாதியைத் தாண்டவில்லை.

பழைய ஸ்பேனர்:
சந்தோஷம் தம்பி. ஆனாலும் சிவப்பு வரை போன ஹெட்டை நான் அவ்வளவு சுலபமாக நம்ப மாட்டேன். ஒரு மாதம், தினமும் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் குறைந்தால் உடனே எழுதுங்கள்.

நீலச்சாயம்:
இதில் அண்ணன் பக்கம்தான் நானும். டப்பாவில் இன்றைய மட்டத்துக்கு மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.