புதுப்பிப்பு: கிரைண்டர் டிஸ்க் உடைந்த காரணம் தெரிந்தது

போன வாரம் எழுதியிருந்தேனே, காசிமேட்டுப் பட்டறையில் கையில் பிடிக்கும் கிரைண்டர் மெஷினால் கம்பி அறுக்கும்போது, அதில் சுழன்று அறுக்கும் வட்டமான டிஸ்க் உடைந்து தம்பியின் காலரைக் கிழித்தது என்று. காரணம் தெரிந்துவிட்டது. தேய்ந்துபோன 7 அங்குல டிஸ்க்கை வீணாக்க வேண்டாமென்று, கார்டை (டிஸ்க்கை மறைக்கும் பாதுகாப்பு மூடியை) கழற்றி, வாஷர் கொடுத்து 4 அங்குல மெஷினில் மாட்டியிருக்கிறான். டிஸ்க்கில் அச்சடித்திருக்கும் அதிகபட்ச வேகம் நிமிடத்துக்கு 8,500 சுற்று. மெஷின் ஓடுவது நிமிடத்துக்கு 11,000! நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

கார்டை மாட்டியாச்சு. புது டிஸ்க் போட்டால், ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் சும்மா ஓட்டிப் பார்க்கிறோம். அப்புறம், கண்ணுக்குக் கூலிங் கிளாஸ் போதுமா என்று கேட்டவர்களுக்கு: போதாது, பக்கவாட்டையும் மூடும் கண்ணாடி வாங்குங்கள். ஈரம் பட்டால் டிஸ்க் பலமிழக்கும். கடல்காற்று அடிக்கும் நம் பக்கம் டப்பாவில் மூடி வையுங்கள். டிஸ்க்கின் நடு வளையத்தில் காலாவதித் தேதியும் இருக்கும், பாருங்கள்.