டிபிபிஎச் சோதனையில் ஆரஞ்சு எண்ணெய்க்கு மைனஸ் விழுக்காடு வருகிறது, உதவி தேவை

தைலக்குப்பி: கிராம்பு எண்ணெய், ஆரஞ்சுத் தோல் எண்ணெய் இரண்டையும் மெத்தனாலில் கரைத்து, 96 குழித் தட்டில் டிபிபிஎச் (ஆக்சிஜனேற்றத் தடுப்பான் பட்டால் ஊதா நிறம் மங்கும் வேதிப்பொருள்) சோதனை பார்க்கிறேன். 0.1 மில்லிமோலார் கரைசல், இருட்டில் 30 நிமிடம், 517 நானோமீட்டரில் அளவு. கிராம்பு குழிகளில் ஊதா போய் மஞ்சள் வந்துவிடுகிறது. ஆரஞ்சுதான் படுத்துகிறது. செறிவைக் கூட்டக் கூட்ட அப்சார்பன்ஸ் (ஒளி உறிஞ்சும் அளவு) ஏறுகிறது, தடுப்பு விழுக்காடு மைனஸில் போகிறது. டிபிபிஎச் கெட்டுவிட்டதா?

குவெட்: அதே கரைசலில் கிராம்பு வேலை செய்கிறதே, அப்புறம் டிபிபிஎச் மேல் ஏன் பழி? தட்டு பாலிஸ்டைரீனா? ஆரஞ்சு எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன். அது பாலிஸ்டைரீனைக் கரைக்கும். தெர்மாகோல் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், குழி விழும். தட்டைக் காலிசெய்து, கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். குழியின் அடி மங்கியிருந்தால் அதனாலேயே அளவு ஏறும். மேலும், ஒவ்வொரு செறிவுக்கும் டிபிபிஎச் இல்லாத, எண்ணெய் மட்டும் உள்ள பிளாங்க் (கழித்துப் பார்க்கும் ஒப்பீட்டுக் கரைசல்) வைத்தீர்களா? எண்ணெய் சரியாகக் கரையாமல் கலங்கினாலும் ஒளி சிதறி அளவு ஏறும்.

தைலக்குப்பி: பாலிஸ்டைரீன்தான். கழுவிய பிறகும் அதிக செறிவுக் குழிகளின் அடி மங்கலாகவே இருக்கிறது. கண்ணாடிக் குவெட்டில் (ஒளி அளக்கும் சிறு குப்பி), தனித்தனி பிளாங்க் வைத்துச் செய்தேன். மைனஸ் போய்விட்டது. ஆனால் எவ்வளவு கூட்டினாலும் தடுப்பு 50 விழுக்காட்டைத் தொடவே இல்லை. கைடு ஐசி50 (தடுப்பு 50 விழுக்காட்டைத் தொடும் செறிவு) கேட்கிறார்.

பீனால்பிரியன்: தொடாதுதான். டிபிபிஎச்சுக்கு ஹைட்ரஜனைச் சட்டென்று கொடுப்பது பீனாலின் ஓஎச் தொகுதி. கிராம்பின் யூஜெனாலில் அது இருக்கிறது, லிமோனீனில் இல்லை. கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தை இந்த எண்ணெய் தடுக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், பீட்டா கரோட்டின்-லினோலிக் அமில முறையையும் (கொழுப்பு அமிலம் ஆக்சிஜனேற்றம் அடையும்போது கரோட்டின் நிறம் வெளுப்பதை அளப்பது) சேர்த்துச் செய்யுங்கள். அங்கே சூடேற்ற வேண்டியிருக்கும். குப்பியை இறுக மூடாவிட்டால் எண்ணெய் பறந்துவிடும். தைமால் (ஓம எண்ணெயில் உள்ள பீனால்) உள்ள எண்ணெய் எடுத்தால் 30 நிமிடத்தில் நிறுத்தாதீர்கள், அது மெதுவாக வினைபுரியும். அளவு சமநிலைக்கு வரும்வரை பாருங்கள். ஐசி50 விஷயத்தில், கோட்டை நீட்டி ஒரு எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டாம். சோதித்த அதிகபட்ச செறிவை எழுதி, அதற்கும் மேல் என்று போடுங்கள்.

குவெட்: ஆமாம். பக்கத்தில் டிராலாக்ஸ் (ஒப்பிடப் பயன்படும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்) மதிப்பையும் கொடுத்துவிட்டால் கைடு ஒப்பிட்டுக்கொள்வார். அப்புறம், ஆரஞ்சு எண்ணெய்ப் புட்டி திறந்து நாளாகியிருந்தால் பெராக்சைடு அளவைப் பார்த்துவிட்டு அடுத்த சுற்றைத் தொடங்குங்கள். லிமோனீன் காற்றுபட்டால் தானே ஆக்சிஜனேற்றம் அடையும்.