நோர்வூட் தோட்டத்தைத் தேடிப் போக: சிறு விமானம் சரிப்படுமா, காகிதம் எதை முதலில் எடுப்பது?

குளத்துப்புழை பேரன் கேட்டது:

வணக்கம். தாத்தா குடும்பம் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் (மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-இல் செய்தது) இலங்கையிலிருந்து வந்து, மண்டபம் முகாம் வழியாக இங்கே கேரளத்தில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்தது. கையில் இருப்பவை: கண்டியில் கொடுத்த பாஸ்போர்ட், திரும்பி வந்தோருக்கான குடும்ப அட்டை, தேதி பாதி அழிந்த ஒரு மண்டபம் சீட்டு. பிறந்த இடம் என்ற கட்டத்தில் "நோர்வூட்" (இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம்) மட்டும் படிக்க முடிகிறது, அதற்கு முன்னால் உள்ள தோட்டப் பெயர் மடிப்பில் போய்விட்டது. பாட்டி சொல்லும் தோட்டப் பெயர் இன்றைய வரைபடம் எதிலும் இல்லை. தாத்தாவின் தம்பி குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் போனதாகக் கேள்வி.

திட்டம்: திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சிறிய விமானம். பிறகு கொழும்பு வந்து, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கும் நீர்விமானம் கிடைத்தால் அதில் ஏறி, மேலிருந்தே தோட்டத்தைப் படம் எடுப்பது. மொத்தம் 8 நாள். இது நடக்குமா? என்ன கொண்டுபோவது, எந்த அலுவலகத்தில் என்ன கேட்பது?

லயத்து விளக்கு பதில்:

தம்பி, டிக்கெட்டை அப்புறம் பாருங்கள். தோட்டப் பெயரும் டிவிஷனும் (தோட்டத்தின் உட்பிரிவு) தெரியாமல் நோர்வூட்டில் இறங்கினால் எட்டு நாளும் ஆட்டோவுக்கே சரியாகிவிடும். நோர்வூட் தோட்டத்தின் பெயராக இருக்கலாம், வெறும் தபால் ஊராகவும் இருக்கலாம். அந்தக் கட்டத்தில் தோட்டப் பெயரை எழுதி, கமா போட்டு, தபால் ஊரை எழுதுவதுதான் வழக்கம். உங்களிடம் மிஞ்சியது இரண்டாவது பாதியாகத்தான் இருக்க வேண்டும்.

மடிப்பில் போன எழுத்தை மீட்கப் பாருங்கள். பாஸ்போர்ட்டை லேமினேட் செய்திருந்தால் பிரிக்க முயலவேண்டாம், செய்யாதிருந்தால் இனியும் செய்யவேண்டாம். சூட்டில் பழைய முத்திரை மை பரவும், அதிகாரி யாரும் அதை மூலமாக ஏற்க மாட்டார். 600 டிபிஐயில் வண்ண ஸ்கேன் எடுத்து, கணினியில் சிவப்பு, பச்சை, நீல அடுக்குகளைத் தனித்தனியாகப் பாருங்கள். நீல மை சிவப்பு அடுக்கில்தான் கருத்துத் தெரியும், காகிதத்தின் பழுப்பு அதில் வெளுத்துப்போகும். மடிப்பில் மை முழுக்க உதிர்ந்திருந்தால், பக்கவாட்டில் டார்ச் அடித்து ஒரு படம். பேனா அழுத்திய தடம் நிழலாக நிற்கும்.

அடுத்தது குடும்ப அட்டை. பாஸ்போர்ட் ஆளுக்கானது, அட்டை குடும்பத்துக்கானது. பிள்ளைகளின் பிறந்த இடத்தையும் பாருங்கள், தாத்தாவின் கட்டத்தில் அழிந்த பெயர் அத்தையின் வரியில் அப்படியே இருக்கலாம்.

பாட்டி சொல்லும் பெயர் வரைபடத்தில் இல்லாததில் வியப்பில்லை. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் வைத்த இங்கிலீஷ் பெயர் ஒன்று, தொழிலாளர் வைத்த தமிழ்ப் பெயர் இன்னொன்று, சில இடங்களில் டிவிஷனுக்கு மூன்றாவது. 1972, 1975 நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992-இல் நிர்வாகம் கம்பெனிகளுக்கு வந்தது. இடையில் சின்னத் தோட்டங்கள் பெரியவற்றோடு சேர்ந்து டிவிஷன்களாகிவிட்டன. அதனால் பழைய பெயரைத் தோட்டப் பட்டியலில் தேடாமல் டிவிஷன் பட்டியலில் தேடுங்கள். பாட்டியிடம் பெயரைக் கேட்டது போதும். இனி இவற்றைக் கேட்டு எழுதுங்கள்: பெரட்டுக் களத்திலிருந்து (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) பார்த்தால் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) எந்தப் பக்கம், கோயில் என்ன சாமி, பெரிய கங்காணி (தொழிலாளர் தலைவர்) பெயர், கொழுந்து எந்த மடுவத்துக்கு (நிறுக்கும் கொட்டகை) போனது, சம்பளத்தன்று எந்தக் கடைவீதிக்கு நடந்தார்கள், எவ்வளவு நேரம். இந்த ஐந்துக்கும் விடை இருந்தால் இடத்தை அறிந்தவர் டிவிஷனையே சொல்லிவிடுவார்.

பிறப்புப் பதிவுக்குப் பிரதேச செயலகம். தோட்டத்தில் பிறந்த குழந்தையைத் தோட்ட நிர்வாகம் அறிக்கை கொடுத்து, மாவட்டப் பதிவாளரிடம் பதிந்த காலம் அது. நோர்வூட் பகுதியைப் பழைய நிர்வாகப் பிரிவின் பெயரில், அம்பகமுவ என்று தேடுங்கள். பதிவேட்டுத் தேடலுக்கான விண்ணப்பம் பி 63. அதில் வருட இடைவெளியைக் குறுக்கிக் கொடுக்கவேண்டும். "1930 முதல் 1945 வரை" என்று எழுதினால் வேலை நகராது. மூத்த பிள்ளை பிறந்த ஆண்டிலிருந்து கணக்குப் போட்டு இரண்டு வருடத் துண்டுகளாகக் கேளுங்கள். பெயரை நான்கு எழுத்துக்கூட்டலில் எழுதி இணையுங்கள், உதாரணத்துக்கு: கருப்பையா, கறுப்பையா, கருப்பன், வெறும் கருப்பு. எழுதியவர் காதில் விழுந்ததுதான் பதிவு.

பதிவேட்டைப் படம் எடுக்க விடமாட்டார்கள், சான்றிட்ட நகல்தான். அதை இங்கே அதிகாரபூர்வமாகக் காட்டவேண்டுமானால் இலங்கை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு முத்திரையும் வேண்டும்.

இன்னொன்று, அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. எட்டு நாளில் ஒரு சனி, ஞாயிறு, ஒரு போயா சிக்கினால் அலுவலக நாள் ஐந்துதான். பஞ்சாங்கம் பார்த்து டிக்கெட் போடுங்கள்.

இறக்கைமேல் இருக்கை பதில்:

விமானப் பகுதிக்கு நான்.

திருச்சி–யாழ்ப்பாணம் இண்டிகோ 2025 மார்ச் 30-இல் தொடங்கியது, ஏடிஆர் 72 ரகம் (விசிறி எஞ்சின் வைத்த சிறு விமானம்). சென்னையிலிருந்தும் இதே ரகம்தான். வானில் நேர்கோட்டில் 200 கி.மீ.கூட இல்லை. ஓடும் கிழமைகள் பருவத்துக்குப் பருவம் மாறும், டிக்கெட் போடும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலிருந்து புனலூர் போய், செங்கோட்டை வழியாக வரும் கொல்லம்–சென்னை எழும்பூர் வண்டியில் ஏறினால் இரவில் திருச்சி. அன்றிரவு அங்கே தங்கிவிட்டு மறுநாள் பறப்பதே நிம்மதி. இலங்கைக் கம்பெனிகளுக்கு ஆள் எடுக்க 1904-இல் சிலோன் லேபர் கமிஷன் அலுவலகம் வைத்த ஊரும் இதே திருச்சிதான்.

யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியில் ஓடுபாதை சுமார் 1,400 மீட்டர். ஏடிஆருக்குப் போதும், தாராளம் இல்லை. மழையில் ஓடுபாதை நனைந்தால் நிற்க எடுக்கும் தூரம் கூடும், வெயிலில் காற்று லேசாகி ஏறும் தூரம் கூடும். ஆகவே சிறு ஓடுபாதையில் எடை ஒரு கெடுபிடி. டிக்கெட்டில் அச்சான கிலோவுக்கு மேல் கவுண்டரில் கெஞ்சிப் பயனில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம், தாழ்ந்த மேகத்தில் இறங்க முடியாமல் விமானம் திரும்பிவருவதும் உண்டு. அந்த மாதங்களில் போய் இறங்கும் அன்றே கொழும்பு ரயிலுக்கு முன்பதிவு செய்யாதீர்கள்.

காகிதத்தின் எடையைக் கணக்குப் போடுங்கள். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம், 200 தாள் ஒரு கிலோ. பூர்வீகம் தேடுகிறவர்கள் நகல் மேல் நகலாக மூன்று கிலோ ஃபைல் தூக்கிக்கொண்டு வருவார்கள், கைப்பை 7 கிலோவில் பாதி அதற்கே போய்விடும். மூலப் பாஸ்போர்ட்டும் அட்டையும் வீட்டிலேயே இருக்கட்டும். வண்ண நகல் இரண்டு செட், பென் டிரைவ் ஒன்று, மின்னஞ்சலில் ஒரு பிரதி. கட்டாயம் மூலம் வேண்டும் என்றால் கெட்டி அட்டைக்கு நடுவே வைத்துக் கைப்பையில் மட்டும்.

ஏடிஆரில் தலைக்கு மேல் உள்ள தட்டு சிறியது. சக்கரம் வைத்த பெட்டியைப் படிக்கட்டடியிலேயே வாங்கிச் சரக்கறையில் போட்டுவிடுவார்கள். பவர் பேங்க் சரக்கறையில் போகக்கூடாது, பெட்டியைக் கொடுக்கும் முன் எடுத்துவிடுங்கள். 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட்-மணி, அனுமதி உண்டு. 100-ஐத் தாண்டினால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்கவேண்டும். பெட்டியோடு காகிதமும் போய்விடாமல் தோளில் ஒரு துணிப்பை தனியாக வையுங்கள்.

ஏறுவது பின்கதவு, சரக்கு முன்னால். பின்வரிசைக்காரர் முதலில் இறங்கிக் குடிவரவு வரிசையில் முன்னால் நிற்பார். இறக்கை மேலே இருப்பதால் எல்லா ஜன்னலிலும் கீழே தெரியும், எஞ்சினுக்கு நேர் வரிசைகள் மட்டும் வேண்டாம். போகும்போது வலப்பக்கம் உட்கார்ந்தால் இறங்கும் நேரத்தில் யாழ்ப்பாணத்துத் தீவுகள் தெரியும். தாத்தா வந்த தலைமன்னார்க் கடல்பாதை தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது தெற்கே வெகுதூரம். பலாலியில் விமானப்படைத் தளம் இருக்கிறது, தரையில் இருக்கும்போது கேமரா பைக்குள் இருக்கட்டும்.

ஒரு சந்தேகம். மலைநாடு மட்டும் என்றால் இந்த வழி சுற்று. திருவனந்தபுரத்திலிருந்து பெரிய விமானத்தில் கொழும்பு போவதே நேர்வழி. கிளிநொச்சி உறவைப் பார்க்கிறீர்கள் என்றால்தான் யாழ்ப்பாணம் பொருந்தும். யாழ் நகரிலிருந்து ஏ9 சாலையில் 70 கி.மீ.க்குள் கிளிநொச்சி.

மேற்குச் சரிவு பதில்:

காசல்ரீ நீர்விமானம் பற்றி. இலங்கையில் இதற்கு ஓடுவது மிதவை பொருத்திய செஸ்னா காரவன், ஒற்றை எஞ்சின். இந்தப் பருவத்தில் காசல்ரீக்கு இருக்கிறதா, தனி வாடகைக்கு மட்டுமா என்று முதலில் கேளுங்கள்.

கண்ணால் பார்த்து ஓட்டும் விமானம் இது. மேகம் மூடினால் இறங்காது, இருட்டினால் பறக்காது. ஹட்டன், நோர்வூட் மேற்குச் சரிவு, மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம் அடித்து ஊற்றும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம், அதிலும் காலை. பதுளைப் பக்கம் இதற்குத் தலைகீழ், அங்கே நவம்பர் முதல் ஜனவரி வரைதான் மழை. தாத்தா வீடு எந்தச் சரிவு என்பதே மாதத்தை முடிவு செய்யும்.

எடை இங்கே இன்னும் கறார். மிதவைகளே சில நூறு கிலோ தின்றுவிடும். நீர்த்தேக்கமோ 1,000 மீட்டருக்கு மேல் உயரத்தில். காற்று லேசு, தண்ணீர் மிதவையைப் பிடித்து இழுக்கும், கிளம்ப நீண்ட ஓட்டம் வேண்டும். அதனால் ஆளையும் பையையும் சேர்த்து நிறுப்பார்கள், இருக்கையை விமானிதான் சொல்வார். முன்பதிவில் எடையைக் குறைத்துச் சொன்னால் கடைசி நேரத்தில் உங்கள் பை கரையில் நிற்கும். கட்டிப் பெட்டி வேண்டாம், துணிப்பை.

மேலிருந்து படம் என்ற ஆசைக்கு ஒரு கணக்கு. காரவன் மணிக்கு 280 கி.மீ. போகிறது என்று வையுங்கள். 400 ஹெக்டேர் தோட்டம் என்பது ஏறக்குறைய 2 கி.மீ.க்கு 2 கி.மீ. அதைக் கடக்க 26 விநாடி. எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு) எந்த டிவிஷன் என்று தேடி முடிப்பதற்குள் அடுத்த தோட்டம் வந்துவிடும். படம் வேண்டுமென்றால் நிழற்பட வேலையைத் தரையில் முடித்துக்கொள்ளுங்கள், மேலே காணொளியை ஓடவிட்டு, போனில் இடக்குறியைப் பதியுங்கள், பிறகு வரைபடத்தோடு ஒப்பிடலாம். ஷட்டர் வேகத்தை 1/1000 விநாடியைவிட மெதுவாக வைக்காதீர்கள். போனை ஜன்னலில் ஒட்டவும் வேண்டாம், எஞ்சின் அதிர்வு அப்படியே படத்தில் ஏறும். ட்ரோன் எண்ணமே வேண்டாம், முன்அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் சுங்கத்திலேயே நின்றுவிடும்.

கீழே தெரிவதெல்லாம் தாத்தா பார்த்தது அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். காசல்ரீ அணையே 1965-இல்தான். மவுஸ்ஸாக்கலை அணை 1969-இல் வந்து பழைய மஸ்கெலியா ஊரை மூழ்கடித்தது. தண்ணீர் இறங்கும் மாதங்களில் பழைய கோயில் தலைகாட்டும். பாட்டி சொல்லும் கடைவீதி இன்று தண்ணீருக்கடியில் இருக்கலாம். கொழும்பு நாரஹேன்பிட்டியில் நில அளவைத் திணைக்களத்தில் பழைய ஒரு அங்குல வரைபடம் (ஒரு மைலை ஒரு அங்குலமாக வரைந்தது) கிடைக்குமா என்று விசாரியுங்கள், அணைக்கு முந்திய பதிப்பாகக் கேளுங்கள்.

குளத்துப்புழை பேரன்:

மூவருக்கும் நன்றி. அத்தையின் வரியில் தோட்டப் பெயரின் கடைசி நான்கு எழுத்து தெரிகிறது. சிவப்பு அடுக்கில் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அப்படியானால் எந்த வரிசையில் போவது?

லயத்து விளக்கு:

வடக்கிலிருந்து தெற்கே. ஞாயிறு யாழ்ப்பாணம், திங்கள் கிளிநொச்சி. தாத்தாவின் தம்பி வழியினரிடம் பிறப்புச் சான்றோ பிரஜாவுரிமைச் சான்றோ இருந்தால் அதில் தோட்டப் பெயர் முழுசாக இருக்கும், அதற்குப் பிறகு மலையில் ஏறுங்கள். செவ்வாய் பயணம். புதன் காலை அலுவலகம் திறக்கும்போதே பி 63 கையில் இருக்கவேண்டும், வியாழன், வெள்ளி நகலுக்குக் காத்திருக்கும் நாட்கள். தோட்டம் பார்ப்பதை அந்த நாட்களில் வையுங்கள். தோட்ட அலுவலகத்தில் முன்னதாகக் கடிதம் கொடுத்து, பழைய செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு), பிறப்பு இறப்புப் பேரேடு இருக்கிறதா என்று கேளுங்கள். கரையான் தின்றதுபோக மிச்சம் இருக்கும் தோட்டமும் உண்டு. உடனே காட்டவேண்டும் என்று நிற்காதீர்கள், கணக்கப்பிள்ளைக்குச் சம்பள வாரத்தில் தலை நிமிர நேரம் இருக்காது.

நீர்விமானத்தைத் திரும்பும் பயணத்துக்கு வையுங்கள், சனிக்கிழமை காலைக்கு. மேகம் மூடினால் ஹட்டன் ரயில் இருக்கிறது, கொழும்பு கோட்டை நிலையத்துக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஞாயிறு விமானத்தைப் பிடிக்க அது போதும்.