கொழும்பில் ஸ்மார்ட் சிட்டி வேலைகளை எதை வைத்து அளப்பது?

வெள்ளவத்தைவாசி (கேள்வி)

இறுதியாண்டு ஆய்வுக்கு மாநகர சபை எல்லைக்குள் உள்ள ஸ்மார்ட் சிட்டி வகை வேலைகளை மதிப்பிட வேண்டும். கால்வாய் நீர்மட்ட சென்சர், வீதிக் கமரா, முறைப்பாட்டு ஆப், இந்த மூன்றும்தான். ஸ்மார்ட் நகரங்களுக்கான குறிகாட்டித் தரமான ஐஎஸ்ஓ 37122ஐ வைத்து நிரப்பத் தொடங்கினால் பல கட்டங்களுக்குத் தரவே இல்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? தரவை யாரிடம் கேட்பது?

எண்சாத்திரி

37122ஐத் தனியே எடுக்காதீர்கள். 2019இல் வந்த அந்தத் தரம் 37120உடன் சேர்த்துப் பாவிக்கவே எழுதப்பட்டது. தண்ணீர், கழிவு, போக்குவரத்து எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது 37120. தொழில்நுட்பம் எவ்வளவு புகுந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் 37122. பின்னதை மட்டும் நிரப்பினால் ஸ்மார்ட் மீட்டர் எத்தனை வீதம் என்று தெரியும், குழாயில் எத்தனை மணித்தியாலம் தண்ணீர் வருகிறது என்று தெரியாது. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு மூன்று குறிகாட்டிகள் போதும். தரவு இல்லாத கட்டத்தை மதிப்பீட்டால் நிரப்பாமல் வெறுமையாகவே காட்டுங்கள்.

பெரும்பாலான ஆய்வுகள் சறுக்குவது வகுக்கும் எண்ணில். பல குறிகாட்டிகள் ஓர் இலட்சம் பேருக்கு எத்தனை என்று கேட்கும். 2012 தொகைமதிப்பில் கொழும்பு மாவட்டம் ஏறக்குறைய 23 இலட்சம், மாநகர சபைப் பகுதி சுமார் 5.6 இலட்சம். மேலே சபையின் எண், கீழே மாவட்டத்தின் எண் என்று போட்டால் விடை நான்கு மடங்கு பிழைக்கும். அடுத்த தொகைமதிப்பு 2024இல்தான் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளுக்குக் கிடைப்பதெல்லாம் மதிப்பீடு, அதை அட்டவணையிலேயே குறியுங்கள்.

துறைமுக நகரத்தின் 269 ஹெக்டேயரையும் மாநகரத்தோடு கூட்டிச் சராசரி எடுக்க வேண்டாம். புதிதாக நிரப்பிய நிலத்தில் கேபிள் புதைப்பதும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் புதைப்பதும் ஒரே வேலை அல்ல. இந்தியாவின் ஸ்மார்ட் சிட்டி மிஷன் 2015இல் தொடங்கியபோதே, பழைய பகுதியை மேம்படுத்த 500 ஏக்கருக்கு மேல், புதுப்பகுதிக்கு 250 ஏக்கருக்கு மேல் என்று துண்டு துண்டாகத்தான் வரையறுத்தது. அந்தத் துண்டுக்குள் முடிந்த வேலைகளை எண்ணி, நகரம் முன்னேறியது என்று சொல்ல முடியாது.

வடிகால்

சென்சர் பற்றி. அது எத்தனை வீதம் இயங்கியது என்று மொத்தமாகக் கேட்டால் ஏமாந்துபோவீர்கள். மாதம் 720 மணித்தியாலம். அதில் 14 மணித்தியாலம் மட்டும் தரவு வராவிட்டால் அறிக்கையில் 98% என்று அழகாக விழும். அந்த 14உம் மின்சாரமும் சிக்னலும் போகிற பெருமழை நேரமாக இருந்தால் கருவியால் என்ன பயன்? பெருமழை பெய்த மணித்தியாலங்களை மட்டும் பிரித்தெடுத்து வீதத்தைக் கணக்கிடுங்கள்.

அளவு சரியா என்றும் பார்க்க வேண்டும். பாலத்தின் அடியில் பூட்டும் அல்ட்ராசொனிக் சென்சர் ஒலி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறது. வெப்பநிலை ஒரு பாகை கூடினால் ஒலியின் வேகம் சுமார் 0.17% கூடும். வெயிலில் சென்சரின் உறை சூடாகி, அந்த வேகத்தைத் திருத்த உள்ளே இருக்கும் வெப்பமானி காற்றைவிட 10 பாகை கூடக் காட்டினால், 3 மீற்றர் தூரத்தில் 5 சென்ரிமீற்றர் பிழை வரும். அதுவும் தண்ணீர் உண்மையைவிடக் கீழே இருப்பதாகக் காட்டும் பிழை. நேர்மாறாக, சல்வீனியா என்ற நீர்க்களையும் குப்பையும் மிதந்து தேங்கினால் மட்டம் கூடக் காட்டும். சிலந்தி வலை கட்டினால் வரைபு நேர்கோடாக நிற்கும், அதைப் பார்த்துத் தண்ணீர் அமைதியாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அளவுகோல் பலகையைக் கண்ணால் வாசித்து, தாழ்நீரிலும் உயர்நீரிலும் ஒப்பிட்டால் பிழை வெளியே வரும்.

இன்னொன்று. உலக வங்கிக் கடனில் 2012இல் தொடங்கிய கொழும்பு பெருநகர அபிவிருத்தித் திட்டத்திலும் வெள்ளத் தடுப்பு வேலைகள் நடந்தன. அதனால் குறைந்த வெள்ளத்தைச் சென்சரின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். ஆண்டோடு ஆண்டை ஒப்பிடாமல், ஏறக்குறைய சமமான மழை பெய்த நாட்களை எடுத்து வீதியில் தண்ணீர் நின்ற நேரத்தை ஒப்பிடுங்கள்.

வெள்ளவத்தைவாசி

மிக்க நன்றி இருவருக்கும். முறைப்பாட்டு ஆப்புக்கு, முறைப்பாடுகள் குறைந்தால் நல்லது என்று எடுக்கலாமா?

கோப்புக்கட்டு

எடுக்கவே கூடாது. ஆப் வந்த பிறகு எண்ணிக்கை கூடுவதுதான் இயல்பு. பதிந்த நேரம், முடித்த நேரம் இரண்டையும் எடுத்து இடைநிலையையும் (பாதி முறைப்பாடுகள் முடிந்த நேரம்) 90ஆம் சதமானத்தையும் (நூறில் 90 முடிந்த நேரம்) பாருங்கள், சராசரி வேண்டாம். "முடிந்தது" என்பதையும் நம்பிவிடாதீர்கள். காலி வீதியைப் பராமரிப்பது வீதி அபிவிருத்தி அதிகார சபை, தண்ணீர் நீர் வழங்கல் சபை. வேறு நிறுவனத்துக்கு அனுப்பியதையே முடிந்ததாகக் குறித்திருக்கலாம். அதே இடத்திலிருந்து 30 நாளுக்குள் மீண்டும் முறைப்பாடு வந்ததா என்பதுதான் நல்ல சோதனை. ஆப், தொலைபேசி, கவுண்டர் என்று வழிவாரியாகவும் வட்டாரவாரியாகவும் பிரியுங்கள். மட்டக்குளி தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளிலிருந்து ஆப் வழியாக ஒன்றுமே வராவிட்டால் அங்கே குறையே இல்லை என்று அர்த்தமில்லை.

தரவுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. "புள்ளிவிபரம் தருக" என்று கேட்டால் ஒரு பக்கச் சுருக்கம்தான் வரும். பெயர், தொலைபேசி எண் நீக்கிய பதிவேட்டை எக்ஸெல் கோப்பாக, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்று எழுதிக் கேளுங்கள்.

கமராவுக்கு மாதிரி எடுத்தால் போதும். மொத்தம் 200 என்றால், 95% நம்பிக்கையில் ±10 வீதப் பிழைக்கு எழுந்தமானமாக 65ஐச் சோதிக்கலாம். உத்தரவாதக் காலம் எப்போது முடிகிறது, அதற்குப் பிறகு பராமரிப்புக்கு வரவுசெலவுத் திட்டத்தில் தலைப்பு இருக்கிறதா என்பதையும் அதே விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள்.