பொருள்: 'விலங்கு மாதிரி'க்கு வேறு சொல் உண்டா?

மொழிபெயர்ப்பவர்:
அனைவருக்கும் வணக்கம். கிளமிடியா என்ற பாலுறவுத் தொற்று பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சுண்டெலியின் யோனியில் கிளமிடியா மியூரிடேரம் என்ற பாக்டீரியாவைச் செலுத்துகிறார்கள். அது கருப்பை வழியே கருக்குழாய்க்கு ஏறி, வடுவும் அடைப்பும் உண்டாக்குகிறது. பெண்களிடமும் இப்படி நடப்பதால் எலியை வைத்து ஆராய்கிறார்கள். இந்த 'அனிமல் மாடல்' தமிழில் என்ன? 'விலங்கு மாதிரி' என்று எழுதினால், சளி மாதிரி, இரத்த மாதிரி போல எலியிடம் எதையோ எடுத்ததாகப் படுகிறது. வீட்டில் படித்துக்காட்டினேன். "யாரு விலங்கு மாதிரி?" என்கிறார் கணவர்.

புலவர்:
அம்மா, 'மாதிரி' தமிழ்தானா என்பதே எனக்கு ஐயம். மாத்திரைக்கு உறவோ என்னவோ. 'நோய்ப்போலி' என்று வையுங்கள். இலக்கணத்தில் போலி என்கிறோமே, ஐந்து அஞ்சாகிறது, அறம் அறனாகிறது. எழுத்து மாறினாலும் பொருள் மாறுவதில்லை. பெண்ணுக்குப் பதில் எலி நிற்பதும் அப்படித்தானே?

கால்நடை மருத்துவர்:
ஐயா, அங்கேதான் இடிக்கிறது. பொருள் மாறுகிறதே! எலிக்குச் சினைச்சுழற்சி 4–5 நாள்தான். தொற்று சீராகப் பற்ற முன்கூட்டியே புரோஜெஸ்டெரோன் வகை ஹார்மோன் ஊசி போட வேண்டும். கொனோரியா என்ற மற்றொரு பாலுறவுத் தொற்றை ஆராய்வதென்றால் எஸ்ட்ராடியோல் ஹார்மோன். அப்புறம், இந்த எலி சுமார் 4 வாரத்தில் தானே தொற்றைத் துடைத்துவிடும். பெண்ணிடம் சிகிச்சை இல்லாவிட்டால் மாதக்கணக்கில் தங்கும். பாக்டீரியாவும் வேறு இனம். மனிதர்களுக்கு வருவது கிளமிடியா டிரக்கோமேட்டிஸ். எங்கள் பக்கம் 'சோதனை எலி' என்போம், அவ்வளவுதான். 'போலி' என்றால் வாசகர் போலி மருத்துவரைத்தான் நினைப்பார்.

மொழிபெயர்ப்பவர்:
'சோதனை எலி' என்ற சொல்லில் 'நோய்' வரவில்லையே. கினிப்பன்றியும் பன்றிவால் குரங்கும்கூட இதே கட்டுரையில் வருகின்றன. போகட்டும், கருக்குழாய் வீங்கி நீர் தேங்குகிறதே, 'ஹைட்ரோசால்பிங்ஸ்', அதற்காவது?

புலவர்:
நீர்க்கோவை! தலையில் நீர் கோத்துக்கொண்டால் பாட்டிமார் சொல்வது. கருக்குழாய் நீர்க்கோவை.

கால்நடை மருத்துவர்:
சளிக்கு நெற்றியில் பற்றுப்போடும் நீர்க்கோவை மாத்திரை நினைவுக்கு வருகிறது. ஆனாலும் அழகு. எடுத்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பவர்:
கேட்காத சொல் கிடைத்தது, கேட்டது கிடைக்கவில்லை. நேரமில்லை, 'நோய் மாதிரி விலங்கு' என்று போட்டு அனுப்பிவிட்டேன். மூன்று பேர் தனிமடலில் சரி என்றார்கள்.

புலவர்:
நான் ஒப்பவில்லை. எலிக்கு வந்திருப்பது நோய் மாதிரி அல்ல அம்மா, நோயேதான்.