சைட் சத்தம்: பக்கத்து புளோக்குல இருந்து புகார் மேல புகார், லிமிட்டுக்குள்ள கொண்டு வர்றது எப்படி?

தஞ்சாவூர்_சூப்பர்வைசர்

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு சப்கான் (துணை ஒப்பந்தக்காரர்) கம்பெனில சைட் சூப்பர்வைசர், சிங்கப்பூர் வந்து 11 வருஷம் ஆச்சு. இப்ப பழைய நாலு மாடி கட்டடத்த இடிச்சுட்டு புதுசா கட்டுற வேலை. மேல இருக்கிறதெல்லாம் இறக்கியாச்சு, இப்ப தரை ஸ்லாபும் பழைய பைல் கேப்பும் (பைல் தலைல இருக்கிற கனமான கான்கிரீட்) ஹாக்கிங் பண்ணிட்டு, அதாவது உடைச்சுட்டு இருக்கோம், எக்ஸ்கவேட்டர்ல பிரேக்கர் (உளியால அடிச்சு உடைக்கிறது) மாட்டி. பிரச்சனை என்னன்னா 40 மீட்டர் தள்ளி எச்டிபி (அரசாங்க வீட்டு வாரியம்) அடுக்குமாடி புளோக் இருக்கு, அங்க இருந்து தினமும் புகார். போன வாரம் என்இஏ (தேசிய சுற்றுப்புற அமைப்பு) ஆபீசர் வந்து பார்த்துட்டுப் போனார்.

எங்க மீட்டர்ல 5 நிமிஷ ரீடிங் ஒரு தடவை கூட 90 டெசிபல் தாண்டல, அதிகமா வந்ததே 87தான். அதனால நாங்க சேஃப்னு நினைச்சுட்டு இருந்தேன். ஆனா செவ்வாய்க்கிழமை 12 மணி நேர ரீடிங் 78 காட்டுது. பிரேக்கர் ஓடும்போது 83 வாக்குல வரும், மத்த நேரம் 65க்குள்ளதான் இருக்கும், மொத்தமே நாலு மணி நேரம்தான் ஓட்டுறோம், அப்புறம் எப்படி 78 வருதுன்னு எனக்குப் புரியல. இன்னொன்னு, போன மாசம் ஒரு நாள் காங்கிரீட் லாரி லேட்டாகி ராத்திரி 11 மணி வரை பவர் ஃப்ளோட் (ஊத்தின தளத்தை வழவழன்னு தேய்க்கிற மிஷின்) ஓடுச்சு, அன்னிக்கு 61 வந்துடுச்சு.

மெயின்கான்ல (முதன்மை ஒப்பந்தக்காரர்) 3 மீட்டர் உயரத்துக்கு நாய்ஸ் பேரியர், அதாவது சத்தத்தைத் தடுக்கிற சுவர் போட்டுட்டாங்க, காசும் செலவாச்சு. ஆனா பத்தாவது மாடில இருந்து வர்ற புகார் கொஞ்சமும் குறையல. உண்மையிலேயே அந்த ஜனங்களுக்குத் தொந்தரவு இல்லாம முடிக்கணும்னு ஆசை. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க அண்ணே.

சத்தம்மீட்டர்

தம்பி, முதல்ல அந்த 12 மணி நேரக் கணக்கைப் புரிஞ்சுக்கங்க, பாதி குழப்பம் அங்கதான். உங்க மீட்டர் காட்டுற 5 நிமிஷ, 12 மணி நேர ரீடிங்குக்குப் பேரு எல்ஈக்யூ, அது ரீடிங்கையெல்லாம் கூட்டி வகுக்கிற சாதாரண சராசரி இல்ல, சத்தத்தோட சக்தியைக் கூட்டி எடுக்கிற சராசரி. 10 டெசிபல் கூடினா சக்தி 10 மடங்கு. அதனால சத்தமா ஓடுற கொஞ்ச நேரம் மொத்தக் கணக்கையும் தூக்கிட்டுப் போயிடும், அமைதியா இருக்கிற எட்டு மணி நேரம் அதை ரொம்ப இறக்காது. 150 மீட்டருக்குள்ள குடியிருப்பு இருந்தா திங்கள்ல இருந்து சனி வரை காலைல 7 முதல் ராத்திரி 7 வரை ரெண்டு லிமிட்: 12 மணி நேரத்துக்கு 75, 5 நிமிஷத்துக்கு 90. ரெண்டுக்குள்ளயும் இருக்கணும், ஒண்ணை மட்டும் பார்த்தா மாட்டிக்குவீங்க. நிறைய சைட்ல 90ஐ மட்டும் பார்த்துட்டு நிம்மதியா இருப்பாங்க, நீங்களும் அதான் பண்ணிருக்கீங்க.

இதை மாசச் சம்பளம் மாதிரி நினைச்சுக்கங்க. 85 டெசிபல்ல ஒரு மிஷின் 72 நிமிஷம் ஓடினா போதும், அன்னிக்கு முழுசுக்கும் உண்டான 75 அங்கேயே தீர்ந்துடும். உங்க 83க்கு, மத்த நேரம் 65ன்னு வச்சா, ஒண்ணே முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும். நீங்க நாலு மணி நேரம் ஓட்டுறீங்க, 78 வர்றது சரியான கணக்குதான், மீட்டர் மேல தப்பில்ல.

அப்ப என்ன பண்ணலாம்? வேலையை ரெண்டு வாரம் இழுக்கிறது ஒரு வழி, ஆனா முதலாளி ஒத்துக்க மாட்டார். அதனால பிரேக்கரையே முடிஞ்ச அளவு குறைங்க. ஸ்லாபை வாள் வச்சு துண்டு துண்டா அறுத்து கிரேன்ல தூக்கி வெளில கொண்டு போயிடலாம், அறுக்கிறதும் சத்தம்தான் ஆனா நேரம் கம்மி, பொறுக்குறதுக்கு நொறுக்கல் கிடையாது. பைல் கேப் மாதிரி கனமானதுக்கு வரிசையா ஓட்டை போட்டு ஹைட்ராலிக் ஸ்ப்ளிட்டர் வச்சு பிளக்கலாம். சுவர், பீம் இருந்தா க்ரஷர், அது கடிச்சு நொறுக்குமே தவிர அடிக்காது. மிச்சம் இருக்கிற கொஞ்சத்துக்கு மட்டும் பிரேக்கர், அதுவும் பாக்ஸ் டைப், உள்ள ரப்பர் வச்சு மூடினது.

பிரேக்கரை நீங்களே கிட்டப் போய்ப் பாருங்க. உளி மழுங்கியிருக்கா, உளியைப் பிடிச்சிருக்கிற புஷ்ல கிரீஸ் இருக்கா, ஆபரேட்டர் கான்கிரீட்ல படாம வெறும் அடி அடிக்கிறாரா? காய்ஞ்ச புஷ்ல உளி ஆடுற அந்த 'டங் டங்' சத்தம் கான்கிரீட் உடையிற சத்தத்தை விடத் தூரம் போகும், எனக்குக் கண்ணை மூடிட்டு கேட்டாலே தெரியும். அப்புறம் பக்கெட்டை ஒட்டின மண் உதிரட்டும்னு லாரி பாடில தட்டுறது, லாரிப் பின்கதவை டமார்னு விடுறது. இதுக்கெல்லாம் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவில்ல, வேலைக்கு முன்னாடி நடக்கிற டூல்பாக்ஸ் மீட்டிங்ல தினமும் சொன்னாலே போதும்.

பேரியர் விஷயம். கண்ணால மிஷினைப் பார்க்க முடிஞ்சா காதுக்கும் நேரா வரும். தரையில 3 மீட்டர் சுவர் முதல் ரெண்டு மூணு மாடிக்குத்தான், பத்தாவது மாடிக்காரர் அதுக்கு மேல நேரா உங்க எக்ஸ்கவேட்டரைப் பார்க்கிறார். எல்லையில போட்டதைக் கழட்ட வேண்டாம், ஆனா இன்னொண்ணை மிஷினை ஒட்டி, மேல உள்பக்கமா மடிச்சு, நகர்த்துற மாதிரி போடுங்க. சதுர மீட்டருக்கு 10 கிலோவுக்குக் குறையாத எடை இருக்கணும், அடில சந்து இருக்கக் கூடாது, சந்து வழியாவே எல்லாம் வெளில வந்துடும்.

ராத்திரி விஷயம் தனி. 7ல இருந்து 10 வரை ஒரு மணி நேரத்துக்கு 65, 5 நிமிஷத்துக்கு 70. 10 மணிக்கு மேல காலைல 7 வரை ரெண்டுமே 55. உங்க 61 நேரா மீறல். கோர்ட்டுக்குப் போனா அபராதம் 40,000 வெள்ளி வரை, தொடர்ந்தா நாளுக்கு 1,000 வரை கூடவும் போடலாம். கான்கிரீட் ஊத்துற நாள்ல முதல் லாரி 7 மணிக்கே வந்து நிக்கற மாதிரி புக் பண்ணுங்க, மதியத்துக்குள்ள ஊத்தி முடிச்சா பவர் ஃப்ளோட் 7க்குள்ள முடியும். மழை, டிராஃபிக்னு லேட்டாகும் என்பது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, அதனால ஒரு மணி நேரம் கூடுதலா கையில வச்சு பிளான் போடணும். இன்னொண்ணு, 2011 செப்டம்பர்ல இருந்து இந்த மாதிரி சைட்டுக்கு சனி ராத்திரி 10ல இருந்து திங்கள் காலை 7 வரை வேலையே கூடாது. பொது விடுமுறைக்கும் அதே மாதிரி, முந்தின நாள் ராத்திரி 10ல இருந்து.

பத்தாவது_மாடி

தம்பி நான் உங்க சைட் பக்கத்துல இல்ல, தோ பாயோ பக்கம், ஆனா போன வருஷம் எங்க புளோக்குக்கு எதிர்லயும் இதே மாதிரி வேலை நடந்துச்சு, நானும் ஒன்சர்வீஸ்ல (அரசாங்கத்தோட புகார் ஆப்) புகார் போட்டவதான், அதனால எழுதுறேன். எங்க அம்மாவுக்கு 84 வயசு, படுத்த படுக்கை. வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் முடிச்சு காலைல 8 மணிக்கு வந்து படுப்பார். சத்தம் எவ்வளவுன்னு எனக்கு டெசிபல் கணக்கெல்லாம் தெரியாது. எப்ப ஆரம்பிக்கும் எப்ப நிக்கும்னு தெரியாததுதான் கொடுமை. அம்மா கண் அசருவாங்க, அப்ப ஆரம்பிக்கும், கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பேன், நின்னதும் அப்பாடான்னு சமையல்கட்டுக்குப் போவேன், திரும்ப ஆரம்பிக்கும்.

நாலாவது வாரம் யாரோ புண்ணியவான் லிஃப்ட் லாபில ஒரு பேப்பர் ஒட்டினாங்க, நாலு மொழிலயும், திங்கள்ல இருந்து வியாழன் வரை 10ல இருந்து 11.30 வரை ஹாக்கிங்னு. அதுலயே நின்னாங்க, 11.30ன்னா 11.30. அதுக்கப்புறம் நான் புகார் போடல. சத்தம் குறைஞ்சதான்னு கேட்டா தெரியாது, ஆனா நேரம் என் கைல இருந்துச்சு.

இன்னொரு விஷயம் சொல்லணும். எங்க புளோக்ல எல்லாரும் நினைச்சுட்டு இருந்தது என்னன்னா, மேல் வீட்டு ரெனோவேஷன்ல ஹாக்கிங்னா எச்டிபி வார நாள்ல 9ல இருந்து 5 வரைதான் விடுது, சனிக்கிழமை கூடாதே, இவங்க மட்டும் சனிக்கிழமை இடிக்கிறாங்களேன்னு. அது வேற சட்டம், சைட்டுக்கு வேற சட்டம்னு எங்களுக்கு யாரும் சொல்லல. உங்க பேப்பர்ல அதை ஒரு வரி போட்டா நிறைய கோபம் அடங்கும்.

பிரேக்கர்_பிடிச்ச_கை

எல்லாரும் 40 மீட்டர் தள்ளி இருக்கிறவங்களைப் பத்திப் பேசுறீங்க, நியாயம்தான், நான் ஒரு மீட்டர்ல இருக்கிறவனைப் பத்தி பேசறேன். 9 வருஷம் கை பிரேக்கர் பிடிச்சேன். இப்ப டார்ம்ல (தொழிலாளர் விடுதி) ராத்திரி லைட் அணைச்சதும் காதுல ஒரு விசில் மாதிரி ஓடும், ஊர்ல இருந்து பொண்ணு போன்ல பேசினா 'ச' வர்ற வார்த்தையெல்லாம் ரெண்டு தடவை கேக்க வேண்டியிருக்கு. மனிதவள அமைச்சோட கணக்குல 85 டெசிபல்னா 8 மணி நேரம், 88ன்னா 4 மணி நேரம், அப்படியே 100க்கு வந்தா 15 நிமிஷம்தான், கை பிரேக்கர் காதுகிட்ட 100க்கு மேல போகும். 15 நிமிஷத்துல யார் வேலையை முடிக்க முடியும்?

அந்த 15 நிமிஷம் காதுல ஒண்ணும் போடாதவனுக்கு. போட்டா தாங்கும், ஆனா நாங்க போட மாட்டோம், வியர்வைல காதை மூடுற மஃப் வழுக்கும், சிக்னல்மேன் சொல்றது கேக்காதுன்னு. என் முதல் கம்பெனில காதுப் பரிசோதனைக்கு ஒரு தடவை கூட அனுப்பல. அண்ணே நீங்க சூப்பர்வைசர், தயவுசெஞ்சு உங்க பசங்களுக்கு காதுக்குள்ள சொருகுற பிளக்கும் மஃப்பும் சேர்த்துக் குடுங்க, பிளக்கை எப்படி உருட்டி காதை மேல இழுத்து உள்ள விடணும்னு நீங்களே ஒருத்தன் காதுல செஞ்சு காட்டுங்க, பெட்டில வச்சு 'எடுத்துக்கோ'ன்னா எவனும் எடுக்க மாட்டான். ஆளை மாத்தி மாத்திப் போடுங்க. வருஷா வருஷம் காதுப் பரிசோதனைக்கு அனுப்புங்க. மேல சொன்ன மாதிரி அறுத்துத் தூக்கினா புளோக்குக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.

சத்தம்மீட்டர்

பிரேக்கர் பிடிச்ச தம்பி சொன்னது நெஞ்சைத் தொட்டுச்சு, அதை நான் முதல்லயே எழுதிருக்கணும். சூப்பர்வைசர் தம்பி, இன்னொரு யோசனை. மிச்ச பிரேக்கர் வேலைக்கு ஒரே மாதிரி ரெண்டு மிஷினைச் சேர்த்து ஓட்டினா 3 டெசிபல்தான் கூடும், 83 இருந்தது 86 ஆகும், 87 வந்த நேரத்துல மட்டும் 90ஐத் தொடப் பார்க்கும், ஆனா வேலை பாதி நேரத்துல முடியும். 12 மணி நேரக் கணக்கு மாறாது, அதே சக்திதான், ஆனா புளோக்குக்கு பிரேக்கர் சத்தம் கேக்கிற நேரம் பாதியாகும். அக்கா சொன்ன நோட்டீஸோட சேர்த்து செஞ்சா பலன் தெரியும். முதல் நாள் 5 நிமிஷ ரீடிங்கைப் பார்த்துட்டே ஓட்டுங்க, 88 தொட்டா ஒண்ணை நிறுத்திடுங்க.

தஞ்சாவூர்_சூப்பர்வைசர்

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன், லேட்டுக்கு மன்னிக்கணும். ஸ்லாப் முழுக்க அறுத்துத் தூக்கியாச்சு, மெயின்கான் முதல்ல கூடுதல் செலவுன்னு முறைச்சாங்க, 40,000 வெள்ளி கணக்கைக் காட்டினதும் ஒத்துக்கிட்டாங்க. பிரேக்கர் பைல் கேப்புக்கு மட்டும், ஒரு நாளைக்கு ஒண்ணரை மணி நேரம். உளி புஷ்ஷைக் கழட்டிப் பார்த்தா சுத்தமா காய்ஞ்சு போயிருந்துச்சு, புதுசு போட்டோம், ஆபரேட்டரே வித்தியாசம் தெரியுதுன்னார். நேத்து 12 மணி நேர ரீடிங் 73.8. பசங்களுக்கு பிளக் போட நானே காட்டினேன், ரெண்டு பேரை காதுப் பரிசோதனைக்கு அனுப்பிருக்கேன், அதுல ஒருத்தனுக்கு இப்பவே கொஞ்சம் குறைஞ்சிருக்காம், அவனை பிரேக்கர்ல இருந்து மாத்திட்டேன்.

புளோக் லாபில நாலு மொழில நோட்டீஸ், தமிழ் வரிகளை நானே எழுதினேன். சனிக்கிழமை சட்டம் பத்தியும் போட்டேன். அதுக்கடில சின்ன எழுத்துல யாரோ பேனால எழுதிருந்தாங்க, 'புதன் ஒரு நாள் 2 மணிக்கு மேல வைக்க முடியுமா, பேரனுக்குப் பரீட்சை'ன்னு. புதன் மட்டும் 2.30க்கு மாத்தி புது பேப்பர் ஒட்டிட்டோம்.

பத்தாவது_மாடி

நல்லா இருங்க தம்பி. காத்துல ஏசி தண்ணில பேப்பர் கிழிஞ்சு போயிடும், பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டுங்க, தமிழ் எழுத்தைக் கொஞ்சம் பெருசா போடுங்க, வயசானவங்களுக்குக் கண் தெரியாது.