தானா ஓடுற ஜெனரேட்டர்: நேரில பார்த்தவங்க சொல்லுங்க

உவர்மலை வயரிங்:
எண்ணெயும் வேண்டாம் மெயின்ஸும் வேண்டாம், தானே தனக்குக் கரன்ட் உண்டாக்கி ஓடும் எண்டு காட்டுற ஜெனரேட்டர். 2022 கரன்ட் கட் காலத்தில தொடங்கின சாமான், இன்னும் ஓயேல்ல. திருகோணமலை டொக்யார்ட் வீதிப் பக்கம் ஒருத்தர் ஆக்களைக் கூட்டி வைச்சுக் காட்டினார். அமைப்பு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்: 1 குதிரைவலு மோட்டர், பெல்ட், 50 கிலோ இரும்புச் சில்லு, டைனமோ. மெயின்ஸ்ல ஸ்டார்ட் பண்ணி, நிமிசத்துக்கு 1500 சுற்று வந்ததும் சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் தட்டி டைனமோ கரன்ட்டை மோட்டருக்கே திருப்பி விடுறது. பிளக்கைக் கழட்டி உயர்த்திக் காட்டினார். பல்ப் எரியுது. ஒரே கைதட்டல்.

அந்தக் கைதட்டலுக்குள்ள சில்லின்ற சத்தம் இறங்கிக்கொண்டே போச்சு. பல்ப் மட்டும் மங்கேல்ல. சூட்சுமமே அதுதான். 9 வாற் எல்ஈடி, உள்ளுக்கு நல்ல டிரைவர் (வோல்ட் குறைஞ்சாலும் சமாளிக்கிற சர்க்கிட்) இருந்தா வோல்ட் 85க்கு இறங்கும் வரைக்கும் ஒரே வெளிச்சம் தரும். பழைய 60 வாற் குண்டு பல்ப் போட்டிருந்தா அப்பவே சிவந்திருக்கும்.

50 செ.மீ. விட்டம், 50 கிலோ தட்டு, 1500 சுற்று: உள்ள இருக்கிறது ஏறக்குறைய 19 கிலோஜூல், அதாவது 5 வாற்மணி சொச்சம். பெயாரிங், பெல்ட், டைனமோ எல்லாம் சேர்ந்து 150 வாற் தின்னும் எண்டா ரெண்டு நிமிசக் கதை. அவரும் "பெயாரிங் சூடாகுது" எண்டு சொல்லி அதுக்குள்ள நிப்பாட்டிட்டார்.

திருக்கடலூர்க்காரன்:
அண்ணன், எல்லாத்தையும் சில்லில போடாதேங்க. இங்க காட்டினது அரை மணித்தியாலம் குறையாம ஓடினது. சில்லால அது முடியாது, வேற வழியால கரன்ட் வருது எண்டுதான் அர்த்தம். "உள்ள போற கரன்ட் எவ்வளவு" எண்டு கேட்டதுக்கு கிளாம்ப் மீற்றரை வயர்ல கொழுவிக் காட்டினார். 0.00. சனம் வாயைப் பிளந்தது. கொழுவினது ரெண்டு கோர் வயர் முழுசா! லைவ்ல போறதும் நியூட்ரல்ல வாறதும் ஒண்டையொண்டு அடிச்சுப் போடும், 10 அம்பியர் ஓடினாலும் பூச்சியம்தான் காட்டும். உறையைப் பிரிச்சு ஒரு கோரை மட்டும் கொழுவ வேணும். மேசையும் நிலத்தில போல்ட் போட்டது, காலுக்குள்ளால வயர் வந்தாலும் தூக்கிப் பார்க்க ஏலாது.

பழைய வித்தைதான். 1813இல் நியூயோர்க்கில, தானா ஓடுது எண்டு ரெட்ஹெஃபர் எண்டவர் காட்டின இயந்திரத்தில சுவர்ப் பக்கப் பலகையை நீராவிக் கப்பல் பொறியியலாளர் றொபர்ட் ஃபுல்டன் பிடுங்கினார். நரம்புக் கயிறு ஒண்டு சுவருக்குள்ளால மேல்மாடிக்குப் போகுது. அங்க ஒரு கிழவன் ஒரு கையால பாண் கடிச்சுக்கொண்டு மற்றக் கையால கைபிடி சுத்திக்கொண்டு இருந்தானாம்.

கிண்ணியா மெக்கானிக்:
எங்கட பக்கம், தண்ணியைக் கரன்ட்டால காஸாக்கி வான் வாகனத்தை ஓட்டலாம் எண்டு சொல்ற கிட். ஜாம் போத்தல் மாதிரி ஒண்டு, உள்ள ஸ்டெயின்லெஸ் தகடு, பொட்டாசியம் ஹைட்ரொக்சைட். 6 செல், 20 அம்பியர் குடுத்தா பரடே விதிப்படி (எவ்வளவு கரன்ட்டுக்கு எவ்வளவு காஸ் எண்டு சொல்ற விதி) நிமிசத்துக்கு ஏறக்குறைய 1.4 லீற்றர் காஸ், அதுக்கு மேல ஒரு சொட்டும் வராது. 1000 சிசி எஞ்சின் 2000 சுற்றில 1000 லீற்றர் வரைக்கும் காத்து இழுக்கும். அந்தக் காஸால எஞ்சினுக்குத் திரும்பிக் கிடைக்கிறது 40 வாற்றும் இல்ல. அதை உண்டாக்க ஓல்டர்னேட்டர் எஞ்சின்ல இருந்து பிடுங்கிறது 500 வாற்.

இடையில பப்ளர் (நெருப்பு திரும்பி வராம மறிக்கிற தண்ணிப் போத்தல்) வைக்கேல்ல. பேக்ஃபயர் அடிச்சு மூடி பொனட்டில இடிச்ச பள்ளம் இன்னும் கிடக்கு. போத்தல் நுரை எஞ்சினுக்குக் காத்துப் போற மனிஃபோல்டுக்குள்ள போனா அலுமினியத்தையும் அரிக்கும்.

சீனன்குடா:
திருக்கடலூர்த் தம்பி, மேசையைத் தூக்கு, பலகையைப் பிடுங்கு எண்டு கேட்டா சண்டைதான் வரும். உள்ள போற சக்தியில மோட்டர் வெளிய தாறது 75%, பெல்ட் 95%, டைனமோ 75%, பெருக்கினா மிஞ்சுறது 53% எண்டு பாடம் எடுத்தாலும் வேலையில்ல, "அது உங்கட பழைய விஞ்ஞானம்" எண்டுவாங்க. யாரும் கேக்கேல்லத்தான், இருந்தாலும் சொல்றன்: ஒரு மின்கேத்தல் கொண்டு போங்க. மீற்றரை ஏமாத்தலாம், தண்ணியை ஏலாது. 1 லீற்றர், 30 பாகையில இருந்து கொதிக்க 81 வாற்மணி வேணும். 1500 வாற் கேத்தலுக்கு மூண்டேகால் நிமிசம். முதல் பதிவில சொன்ன சில்லு தன்ர சக்தி முழுசையும் குடுத்து நிண்டாலும் தண்ணி 35 பாகையைத் தாண்டாது.

ஒரு லீற்றரோட விடாதேங்க. பெட்டிக்குள்ள 12 வோல்ட் 100 அம்பியர்மணி பற்றரி ஒளிச்சிருந்தா, பாதியைப் பாவிச்சாலே ஆறு கேத்தல் கொதிக்கும். பத்து கேளுங்க. பற்றரி எண்டா 1500 வாற்றுக்கு இன்வெர்ட்டர் 147 அம்பியர் இழுக்கும், அதுக்கு விரல் தடிப்பில கேபிள் வேணும், கைய வைச்சா சூடும் தெரியும். மெல்லிசு வயரோட பத்தும் கொதிச்சா, அப்ப மேசைக் காலைத் தேடுங்க.

வோல்ட் பார்த்து "பற்றரி குறையேல்ல" எண்டு சொன்னா நம்பாதேங்க. 11.8க்கு இறங்கின பற்றரியைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டா 12.2க்குத் தானா ஏறும். சார்ஜ் ஏறினதெண்டு அர்த்தமில்ல.

நிலாவெளி:
இதே ஆக்கள்தான் "கரன்ட் பில் பாதி" எண்டு பிளக்கில குத்துற பெட்டியும் விக்கிறாங்க. தண்ணி மோட்டர் ஓடேக்க குத்தினா அம்பியர் குறையும், அது உண்மை. உள்ள இருக்கிற கெப்பாசிற்றர் பவர் ஃபக்டரைத் திருத்துது, அதாவது வேலை செய்யாம சும்மா போய் வாற கரன்ட்டைக் குறைக்குது. ஆனா வீட்டு மீற்றர் கணக்கெடுக்கிறது வாற்றை, அம்பியரை இல்ல. மீற்றர்ல யூனிட்டுக்கு 1600 துடிப்பு எண்டு போட்டிருந்தா, 750 வாற்றுக்கு 3 விநாடிக்கு ஒருக்கா சிவப்பு மினுங்கும். பெட்டியைக் குத்தினாலும் அதே 3 விநாடி.

உவர்மலை வயரிங்:
அந்தப் பெட்டியை வாங்கினவங்க எறியாதேங்க. கெப்பாசிற்றர்ல 2.5 மைக்ரோபரட், 450 வோல்ட் எண்டு இருந்தா சீலிங் ஃபேனுக்குப் போடலாம். 250 வோல்ட் எண்டா வேண்டாம், வெடிக்கலாம். கழட்ட முதல் ரெண்டு காலுக்கும் குறுக்கால ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டரை வைச்சு மிஞ்சின சார்ஜை இறக்குங்க.